தை பிறந்தும் இலை கொட்டாத ரப்பர்: ஒரு ஓடைக்கரை விளையின் நிகழ்வு ஆய்வு

ரப்பர் மரம் வருஷத்துக்கு ஒருமுறை மொட்டையாகும். குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், அருமனை, களியல், பத்துகாணி பக்கமெல்லாம், மார்கழியில் இலை பழுக்க ஆரம்பித்து, தை பாதி போவதற்குள் பெரும்பாலான விளைகளில், அதாவது தோட்டங்களில், வெறும் கிளைதான் நிற்கும். மாசியில் செம்பு நிறத்தில் தளிர் வரும், பங்குனியில் மறுபடி நிழல் கட்டிவிடும். கேரள எல்லை தாண்டி வெள்ளறடைப் பக்கம் போனாலும் இதே கணக்குதான். இந்த முறை ஒரே சரிவில், ஒரே வருஷம் நட்ட மரங்களில், மேலே எல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகும் கீழே ஓடையை ஒட்டி ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாக நின்றது. அந்தப் பட்டையும் ஒன்றுபோல இல்லை. ஒரு பாதி கொஞ்சம் பிந்தியது, மறுபாதி ரொம்பவே பிந்தியது. ஏன் என்று தேடிப் பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பனச்சமூடு டீக்கடையில் கிடைத்த எந்தப் பதிலும் முழுசாகப் பொருந்தவில்லை.

முதலில் கேட்டது, பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வெட்டுக்கார அண்ணன்தான். "மக்கா, மேல சருகு முட்டளவு கெடக்கு, கீழ ஒரு இலைகூட பழுக்கல. நான் எங்க வெட்டணும், எங்க நிறுத்தணும்னு நீயே சொல்லு." அவருக்கு இது கூலிப் பிரச்சினை. தளிர் விடும் காலத்தில் பால் குறையும், அப்போது வெட்டு நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம், ஆனால் பாதி விளை ஓய்விலும் பாதி விளை வெட்டிலும் இருந்தால் அவர் விடியற்காலையில் எழுந்து வந்து பாதிக் கூலிக்குத்தான் வேலை செய்ய வேண்டும். அப்புறம் விளையில் தேன்கூடு வைக்கிறவர் கேட்டார். மார்த்தாண்டம் தேன் என்று ஊர் ஊராக விற்பதில் பெரும்பங்கு ரப்பர்த் தேன், அதுவும் பூவிலிருந்து வருவது கொஞ்சம்தான். ரப்பர் இலைக் காம்பின் நுனியில் மூன்று சிற்றிலையும் சேரும் இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, தளிர்ப் பருவத்தில் அங்கே மதுரம் சுரக்கும், தேனீ அதைத்தான் எடுக்கிறது. இலை எப்போது விழும் என்று தெரியாவிட்டால் தளிர் எப்போது வரும் என்றும் தெரியாது, கூட்டை எப்போது கொண்டுவந்து வைப்பது என்றும் தெரியாது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சரிவின் மேல்பகுதி எங்கள் வீட்டுக்குச் சொந்தம், செங்கல் நிறத்தில் சரள் கலந்த மண், மழை பெய்தால் நிற்காமல் ஓடிவிடும். கீழே ஓடைக்கரையில் இரண்டு துண்டு. ஒன்று எங்களுடையது, அடுத்தது பக்கத்து வீட்டு மாமாவுடையது, நடுவில் ஒரு கையாலைதான், அதாவது மண்வரப்புச் சுவர்தான், எல்லை. கீழ்மண் வண்டல், கோடையிலும் கொஞ்சம் தோண்டினால் ஈரம் தெரியும். மூன்று துண்டிலும் ஒரே நர்சரியில் ஒரே வருஷம் வாங்கிய ஆர்ஆர்ஐஐ 105 ஒட்டுக்கன்றுதான். மூன்றையும் வெட்டுவது அதே அண்ணன், ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டு. இது ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டு வாங்கினாலும் கிடைக்காத வசதி. 105 என்பது கோட்டயத்து ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-இல் வெளியிட்ட ரகம். விளையில் நிற்கும் ஒவ்வொரு 105 மரமும் ஆதியில் ஒரே தாய்மரத்தின் மொட்டிலிருந்து வந்ததுதான், அதனால் ஒரு மரம் முந்தி உதிர்க்கிறது, இன்னொன்று பிந்துகிறது என்றால் மேல்மரத்தின் சாதியைக் குறை சொல்ல முடியாது. அடியில் இருக்கும் வேர்க்கன்று மட்டும் விதையில் முளைத்தது, அது மரத்துக்கு மரம் வேறு. பக்கத்துப் பக்கத்து மரங்களுக்குள் சில நாள் முன்பின் ஆவதற்கு அது காரணமாக இருக்கலாம், ஒரு முழுப் பட்டையே கோடு போட்டதுபோல் பிந்துவதற்கு அது போதாது.

கணக்கில் சேர்க்கக்கூடாதவை

"எங்க வீட்டுலயும் உதிரவே இல்ல" என்று சிலர் படம் அனுப்பினார்கள். அதில் ஒன்று புதிதாக நட்ட விளை. மூன்று நான்கு வயசு வரை, கிளை பிரிந்து கவிகை கட்டாத ரப்பர், வருஷாந்திர இலையுதிர்வுக்குள் வருவதே இல்லை. சின்னக் கன்று மார்கழியிலும் பச்சையாக நிற்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இன்னொரு படத்தில் மொட்டை மரத்தில் ஒரு கிளை மட்டும் பழுப்பு இலையோடு தொங்கியது. அது உதிராத மரம் இல்லை, ஒடிந்த கிளை.

இந்த ஒடிந்த கிளை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மொத்தக் கதைக்கும் இதுதான் சாவி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்தப் பக்கத்தில் ரப்பர் மரங்கள் எக்கச்சக்கமாக முறிந்தன. முறிந்து பாதியில் தொங்கிய கிளைகளை எல்லாராலும் உடனே வெட்டி எடுக்க முடியவில்லை. அடுத்த தையில் பார்த்தால், உயிரோடு நின்ற மரங்கள் ஒழுங்காக இலையை உதிர்த்திருந்தன, செத்த கிளைகளிலோ இலை காய்ந்து சுருண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. செத்தது விடவில்லை, உயிரோடு இருந்தது விட்டது. இலை உதிர்வது என்பது மரம் உயிரோடு இருந்து செய்யும் ஒரு வேலை. காம்பின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. இலை நல்ல நிலையில் உழைக்கும் வரை அதிலிருந்து ஆக்சின் என்ற ஊக்கி காம்பு வழியாக வந்துகொண்டே இருக்கும், அது வரும் வரை அந்த அடுக்கு இறுகி நிற்கும். இலை முதுமையடைந்து ஆக்சின் குறைந்தால், உதிர்வைத் தூண்டும் எத்திலீன் என்ற இன்னொரு ஊக்கியின் கை ஓங்குகிறது, செல்களுக்கு இடையில் இருக்கும் பசையைக் கரைக்கும் நொதிகள் வேலையை ஆரம்பிக்கின்றன. இதற்குள் மரம் இலையில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியத்தில் முடிந்ததைக் கிளைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும், பச்சை போய் மஞ்சளும் செம்மஞ்சளும் தெரிவது அந்த நேரத்தில்தான். காலி செய்த வீட்டைப் பூட்டுவதுபோல, உள்ளே இருப்பதை எடுத்த பிறகுதான் காம்பு அறுகிறது.

குளிர்நாடுகளில் ஓக், பீச் போன்ற மரங்கள், குறிப்பாக இளமரங்கள், பனிக்காலம் முழுக்கக் காய்ந்த இலையை உதறாமல் வைத்திருப்பதும் அந்த அடுக்கு முழுதாக உருவாகாததால்தான். அங்கே இலையுதிர்காலம் நீண்டு இதமாக இருந்தால் மரங்கள் பச்சையை விட மனசில்லாமல் நிற்கும், அப்போது திடீரென்று கடும் உறைபனி விழுந்தால் வேலை பாதியிலேயே நின்று இலை கிளையிலேயே செத்துவிடும். ஆக, இலை தங்கிவிட்டது என்று யார் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தங்கிய இலை பச்சையா, பழுப்பா? எங்கள் ஓடைக்கரையில் இருந்தது நல்ல பச்சை. மரம் வேலையை இன்னும் தொடங்கவே இல்லை.

தெருவிளக்கும் யூரியாவும்

ரோட்டோரத்தில் புதிதாக எல்இடி விளக்கு போட்டதால்தான் என்று ஒரு கட்சி. இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. மாட்ஸ்கே என்ற தாவரவியலாளர், நியூயார்க்கில் தெருவிளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சில வகை மரங்கள் விளக்கு விழும் கிளைகளில் மட்டும் இலையை அதிக நாள் வைத்திருப்பதைக் கவனித்து 1936-இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் நியூயார்க்கில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 6 மணி நேரம். அங்குள்ள மரம் பகல் சுருங்குவதைப் பார்த்துக் காலத்தைக் கணிக்கிறது, விளக்கு அதை ஏமாற்றுகிறது. நாம் இருப்பது 8 பாகை சொச்சம் வடக்கில், இங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. அந்தச் சின்ன மாற்றத்தையும் வெப்பநாட்டு மரங்கள் சில உணரும்தான், இருந்தாலும் எங்கள் விஷயத்தில் விளக்கு ஜெயிக்கவில்லை: விளக்கு இருப்பது மேல்ரோட்டில், அதன் கீழே நின்ற மரங்கள் எல்லாரோடும் சேர்ந்து மொட்டையாகிவிட்டன, பச்சையாக நின்ற ஓடைக்கரையில் ராத்திரி மின்மினி வெளிச்சம்கூடக் கிடையாது.

அடுத்தது உரம். நைட்ரஜன் கூடினால் இலை முதுமையடைவது தள்ளிப்போகும், இது பொதுவாக உண்மை. ரப்பருக்கு வருஷத்தில் இரண்டு தவணை உரம், ஏப்ரல் மே மாதத்தில் ஒன்று, செப்டம்பர் அக்டோபரில் ஒன்று. இரண்டாவது தவணையில் யூரியாவைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டீர்கள் என்றார் ஒரு சித்தப்பா. சரி, போட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் மேல்விளைக்கும் கீழ்விளைக்கும் ஒரே கலவை, ஒரே வாரத்தில் போட்டது. மேலே உதிர்ந்தது, கீழே உதிரவில்லை. மாமா அந்தத் தவணையில் உரமே வைக்கவில்லை, எல்லாரையும்விடக் கடைசி வரை பச்சையாக நின்றது அவர் மரம்தான். இதோடு யூரியா வழக்கு தள்ளுபடி.

ஓடை எவ்வளவு தூரம் காரணம்

மேலே முந்தியும் கீழே பிந்தியும் ஆனதற்கு மிச்சமிருக்கும் பெரிய வித்தியாசம் ஈரம். இதற்கு ரப்பரைவிட நல்ல சாட்சி தேக்கு. மேலே வேலியோரம் சில தேக்கு, கீழே ஓடையோரம் சில தேக்கு. வறண்ட இடத்துத் தேக்கு சீக்கிரம் இலையைக் கொட்டும், ஈரமான இடத்தில் நிற்பது தாமதமாகத்தான் கொட்டும் என்பது வனத்துறைக்காரர்களுக்குப் பழைய பாடம், எங்கள் தேக்குகளும் அப்படியே நடந்துகொண்டன. ரப்பருக்கும் இந்தப் பாடம் ஓரளவு பொருந்தும். வடகிழக்குப் பருவமழை நின்று, வானம் வெளுத்து, காற்று காய ஆரம்பித்ததும் சரள் மண்ணில் நிற்கும் மரத்துக்கு வேரில் கிடைக்கும் தண்ணீர் இலை வழியாகப் போகும் தண்ணீருக்கு ஈடு கொடுக்காது. கிழ இலைதான் முதலில் அடிபடும். வண்டலில் நிற்கும் மரத்துக்கு அந்த அவசரம் இல்லை.

ஓரளவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஈரம் மட்டும்தான் காரணம் என்றால் ஓடைக்கரை ரப்பர் உதிர்க்கவே வேண்டாம், ஆனால் தண்ணீர் எவ்வளவு கிடைத்தாலும் ரப்பர் வருஷத்துக்கு ஒருமுறை இலை மாற்றத்தான் செய்கிறது. அமேசான் காட்டிலிருந்து வந்த மரம் இது. 1876-இல் விக்காம் கொண்டுபோன விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கை, சிங்கப்பூர் வழியாக ஆசியா முழுக்கப் பரவியது, வந்த இடத்தில் மண்ணும் மழையும் மாறினாலும் இந்தப் பழக்கத்தை அது விடவில்லை. வறட்சி அந்தத் தேதியை முன்னால் இழுக்கலாம், ஈரம் பின்னால் தள்ளலாம், அவ்வளவுதான். அப்புறம் இன்னொரு கேள்விக்கு ஓடையிடம் பதிலே இல்லை: கையாலைக்கு இந்தப்பக்கம் எங்கள் மரம் தை கடைசியில் கொட்ட ஆரம்பித்தபோது, அந்தப்பக்கம் மாமாவின் மரம் ஏன் மாசி பிறந்தும் அசையவில்லை? ஓடையும் மண்ணும் ரகமும் ஒன்று. வெட்டுக்காரரும் ஒருவர்தான்.

ஆனியில் நடந்தது

பதில் கிடைத்தது மாமா வீட்டு மரத்தின் ஒரு கொம்பில். ரப்பர் கொம்பு நிற்காமல் வளராது, தவணை தவணையாக வளரும். ஒவ்வொரு தவணையிலும் ஒரு கொத்து இலை, பிறகு கொஞ்சம் வெறும் தண்டு, மறுபடி ஒரு கொத்து, மாடி மாடியாக. இலை விழுந்த இடத்தில் வடு இருக்கும். எங்கள் மரத்திலும் அவர் மரத்திலும் ஒவ்வொரு கொம்பை ஒடித்து வீட்டுத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். எங்கள் கொம்பில் கீழ்மாடி இலையும் இருந்தது, மாசி பங்குனியில் வந்து வருஷம் முழுக்க உழைத்துத் தடித்துப்போன, பாசி படிந்த கிழ இலை. அவர் கொம்பில் கீழ்மாடி முழுக்க ஆறிப்போன வடு. இலை இருந்தது நுனிமாடியில் மட்டும், பார்க்கவே இளசு.

தென்மேற்குப் பருவமழையில் ரப்பருக்கு ஒரு நோய் வரும், பைட்டோப்தோரா என்ற, பூசணம் போன்ற ஒரு நுண்ணுயிரால். ஆனி, ஆடியில் விடாமல் தூறிக்கொண்டே இருந்தால் முதலில் காய் அழுகும், அப்புறம் இலைக்காம்பில் கறுப்புப் புள்ளி, அதன் நடுவில் உறைந்த ஒரு துளி பால், பிறகு இலை பழுக்காமல் பச்சையாகவே கொத்துக் கொத்தாக விழும். மலையாளத்தில் பேசினாலும் தமிழில் பேசினாலும் விளை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. மழைக்கு முன்பே துருசும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையோ எண்ணெயில் கலந்த தாமிர மருந்தோ அடிப்பது இதற்காகத்தான். நாங்கள் மேலும் கீழும் அடித்திருந்தோம். மாமா அந்த வருஷம் அடிக்கவில்லை. ரப்பர் விலை இருக்கும் இருப்பில் மருந்தும் கூலியும் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார், இதில் அவரை மட்டும் குறை சொல்ல ஒன்றும் இல்லை, இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். ஓடைக்கரை என்பதால் காற்றோட்டம் குறைவு, ஈரம் அதிகம், நோய் நன்றாகப் பிடித்தது, ஆனியிலேயே அவர் விளையில் வெயில் தரைவரை விழுந்தது வெட்டுக்கார அண்ணனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை தெளிந்த ஆவணி, புரட்டாசியில் மரம் விட்ட இடத்தைப் பிடிக்க மறுபடி தளிர்த்தது.

அப்படியானால் தை மாதத்தில் எங்கள் இலைக்கு வயசு கிட்டத்தட்ட பத்துப் பதினோரு மாசம், அவர் இலைக்கு நாலைந்து மாசம். முன்னால் சொன்ன ஆக்சின் கணக்கை இதில் வைத்துப் பாருங்கள். கிழ இலை காம்பைப் பிடித்துவைக்கத் திராணி இல்லாமல் இருக்கிறது, இள இலைக்கு இன்னும் உழைக்கத் தெம்பு இருக்கிறது, குறையாத ஈரமும் துணைக்கு இருக்கிறது, அது ஏன் விழவேண்டும்? நாம் மார்கழிக் குளிரையும் தைப் பனியையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இலை விழும் தேதியில் பாதி ஆனி, ஆடியிலேயே எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் என் முடிவு. மேல்விளைக்கும் எங்கள் கீழ்விளைக்கும் உள்ள இடைவெளி ஈரத்தால் வந்தது, எங்கள் கீழ்விளைக்கும் மாமாவின் விளைக்கும் உள்ள இடைவெளி இலையின் வயதால் வந்தது. ஒரே சரிவு, ஒரே வருஷம் என்பதால் இதை எல்லா ஊருக்கும் விதியாக்க முடியாது, ஆனால் கொம்பில் இருந்த வடுவை வேறு எப்படியும் விளக்க என்னால் முடியவில்லை.

பிந்தியது நல்லதா

அதிக நாள் பச்சையாக நின்றதால் மாமாவுக்குத் தையிலும் பால் கிடைத்தது, அதைப் பார்த்து "மருந்தடிக்காதவனுக்குத்தான் யோகம்" என்று ஒருவர் சொல்லவும் செய்தார். யோகம் மாசி கடைசி வரைதான். முந்தி உதிர்த்து முந்தித் தளிர்த்த மேல்விளையில் இலை செம்பு நிறம் போய்ப் பச்சையாகித் தடித்துவிட்டது. மாமாவின் மரம் தளிர்த்தபோது காலையில் ஓடைப்பக்கம் மூடுபனி, பகலில் வெயில், சாம்பல் நோய்க்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. ஓய்டியம் என்ற இந்தப் பூசணம் இளந்தளிரைத்தான் பிடிக்கும், முற்றிய இலையிடம் அதன் பாச்சா பலிக்காது. சீக்கிரம் இலை மாற்றிச் சீக்கிரம் முற்றும் மரம் தப்பிப்பது அதனால்தான். தளிரில் மாவு தூவியதுபோல் வெள்ளை படர்ந்து, சுருங்கி, சிற்றிலைகள் கழன்று விழுந்து, காம்பு மட்டும் கொஞ்ச நாள் நின்று அதுவும் விழுந்தது. ஒரு வருஷத்துக்குள் அந்த மரங்கள் மூன்றுமுறை இலையை இழந்தன, ஒவ்வொரு முறையும் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் புதுசு விடவேண்டும், அதே சேமிப்பைத்தான் நாமும் பாலாக வெட்டி எடுக்கிறோம்.

கந்தகத்தூள் தூவலாம் என்றால் அங்கே தேன்கூட்டுக்காரர் குறுக்கே நின்றார். தளிரில் மதுரம் சுரக்கும் நாளும் தூள் தூவ வேண்டிய நாளும் ஒன்றுதானே. அவருக்கு இந்த ஏறுமாறான தளிர்ப்பே பிடிக்கவில்லை. மேலே ஒரு தவணை, கீழே ஒரு தவணை, மாமா விளையில் ஒரு தவணை என்று வந்தால் வரத்து நீண்டுகொண்டே போகும், ஒரேயடியாக அடைமேல் அடையாக நிரம்பாது. கடைசியில் மாமா விளையில் மட்டும், பனி ஈரம் இலையில் இருக்கும் விடியற்காலையில் தூவினார்கள், அதற்கு முன்னாலேயே தேன்கூட்டுக்காரர் கூடுகளை மேல்விளைக்கு மாற்றிக்கொண்டார்.

வெட்டு விஷயத்தில் அண்ணன் தானே ஒரு வழி செய்தார். மூன்று துண்டையும் ஒன்றாக நிறுத்தாமல், அந்தந்தத் துண்டில் தளிர் செம்பு நிறத்தில் இருக்கும் வரை நிறுத்தி, பச்சை தடித்ததும் தொடங்கினார். கூலிக் கணக்கில் கொஞ்சம் சச்சரவு வந்தது, மரத்துக்கு அது நல்லது.

இந்த வருஷம் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மழைக்கு முன்னால் எங்கள் கீழ்விளையிலும் மாமா விளையிலும் ஒரே வாரத்தில் ஒரே போர்டோ கலவையை அடித்துவிட்டால், 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு, வருகிற தையில் கையாலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகக் கொட்ட வேண்டும். கொட்டினால் இலையின் வயசுதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். அப்போதும் அவர் பக்கம் மட்டும் பிந்தினால் நான் மண்ணையும் வேரையும் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். மாமா சம்மதித்துவிட்டார், துருசுக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.